நள்ளிரவில் ஓர் இருமல்



சென்ற மார்கழித் திங்களில் ஓர் இரவு. காரைக்குடியில் எங்கள் இல்லத்தார் அனைவரும் உறங்கிக் கிடந்தோம். நள்ளிரவைக் கடந்த வேளையில், வளவுக்குள் நாய்க்குட்டி புகுந்து குரைப்பது போன்ற ஒலி கேட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். குரைத்தது நாயன்று, இரண்டு வயது நிரம்பாத என் பேரன் இருமினான். குரல் கம்மியிருந்தது. மூச்சை உள்ளே இழுக்குந்தோறும் ஒரு கரகரப்பு எழுந்தது.

அவனுடைய அப்பத்தா நொச்சித் தழையிட்டு வெந்நீர் கொதிக்க வைத்தாள், ஆவி பிடிக்க. நானோ, அறிவியல் பயிற்றியவன் என்ற மிடுக்கில், கரண்டிக் காம்பால் அவன் நாவை அழுத்தித் தொண்டையைப் பார்க்க முனைந்தேன். குழந்தை வீறிட்டழுதான், இழுப்பு மிகுந்தது. உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். இருவர் செய்ததும் பிழை என்றார் அவர். ஆவியால் இந்நோய் தணிவதில்லை. பானை கவிழ்ந்து குழந்தை வெந்துபோகவும் கூடும். அழ அழ மூச்சு வேகமாகும். குறுகிய குழல் மேலும் ஒடுங்கும். மடியில் நிமிர்த்தி வைத்து அமைதிப்படுத்துவதே பெற்றோர் செய்யத்தக்கது.

இந்நோய்க்குக் குரூப் என்று பெயர். பெரும்பாலும் பாராஇன்புளுயன்சா என்னும் வைரஸால் குரல்வளைக்குச் சற்றுக் கீழே உட்சுவர் வீங்குகிறது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளையே மிகுதியும் பற்றுகிறது. பெரியவர்களை இவ்வாறு வருத்தாதது ஏன்? கணக்குப் போட்டுப் பாருங்கள். குழந்தையின் மூச்சுவழி அவ்விடத்தில் 4 மில்லிமீட்டர் விட்டமுடையது என்று கொள்வோம். சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் விட்டம் 2. பரப்போ நாலில் ஒன்று. சீரான ஓட்டத்திற்குப் பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் கண்ட விதிப்படி, தடை 16 மடங்காகிவிடும்! அதே வீக்கம் நமக்கு வந்தால் குரற்கம்மலோடு போகும்.

முற்காலத்தில் தொண்டை அடைப்பான் நோயும் இவ்வாறே மூச்சை அடைத்துப் பிள்ளைகளை வாரிக்கொண்டு போயிற்று. அதற்குச் சீர மருத்துவம் கண்ட பேரிங்குக்கே 1901இல் மருத்துவத்தின் முதல் நோபல் பரிசு கிடைத்தது. தமிழ்நாட்டில் 2011 டிசம்பரில் தொடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியில் அந்நோய்க்குரிய காப்பும் அடங்கும். குரூப்புக்குத் தடுப்பூசி இல்லை. ஆனால் நல்ல மருந்து உண்டு. டெக்சாமெத்தசோன் ஒரு வேளை கொடுத்தால் சில மணி நேரத்தில் வீக்கம் வடியத் தொடங்கும். அழாமல் இருக்கும்போதும் கரகரப்புக் கேட்டாலோ, நெஞ்சு உட்குழிந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, எச்சிலை விழுங்க இயலாமல் வழியவிட்டாலோ, தாமதியாமல் 108ஐ அழையுங்கள்.

விடியற்காலையில் வீடு திரும்பினோம். தோளிலேயே உறங்கிவிட்டான் பேரன். அடுப்பங்கரையில் நொச்சித் தண்ணீர் ஆறிக் கிடந்தது. ஒன்றும் பேசாமல் அதைக் கொண்டுபோய்க் கொட்டினாள் என் மனைவி. கரண்டியை நான் எடுத்து வைத்தேன்.