அருங்காட்சியகச் சுவரும் அதை வரைந்தவரும்

(ஆலயத் திருவிழாவின் ஐந்தாம் நாளிரவு, பெற்றோரும் மாணவரும் கூடியிருந்த மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சமயச் சொற்பொழிவு ஆற்றுவதற்குத் தகுதி வாய்ந்த சான்றோர் இம்மேடையில் முன்னரே பேசிவிட்டனர். நிர்வாகக் குழுவினர் என்னிடம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளைகளுக்குப் பயன்படும்படி கலையைப் பற்றி ஏதேனும் சொல்ல வேண்டும் என்பது. நான் கோப்புகளோடு பழகிய அரசாங்க ஊழியன். தூரிகை பிடிக்கத் தெரியாதவன். ஆகவே கலையின் தத்துவத்தைப் பேசப் போவதில்லை. ஒரு சுவரைப் பற்றியும் அதை வரைந்த மனிதரைப் பற்றியும் பேசுகிறேன். அச்சுவரை உங்களில் பெரும்பாலோர் பார்த்திருக்கிறீர்கள். வரைந்தவர் பெயரைக் கேள்விப்பட்டவர் மிகச் சிலரே இருப்பீர்கள்.

கோலாலம்பூரில், டாமன்சாரா சாலையோரத்தில், மலாய் மரபுக் கூரையோடு நீண்டு நிற்கிறது முசியம் நெகாரா எனப்படும் தேசிய அருங்காட்சியகம். அங்கே முன்பிருந்த சிலாங்கூர் அருங்காட்சியகம் 1945 மார்ச் மாதம் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் சிதைந்தது. அவ்விடத்திலே சிங்கப்பூர்க் கட்டடக் கலைஞர் ஹோ கோக் ஹோ வரைந்த திட்டப்படி இப்போதைய கட்டடம் எழும்பி, 1963 ஆகஸ்ட் 31ஆம் நாள் திறப்பு விழாக் கண்டது. அதன் முகப்பில், நுழைவாயிலின் இரு புறமும் இரண்டு பெருஞ்சுவரோவியங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 35 மீட்டர் நீளமும் 6 மீட்டர் உயரமும் கொண்டது. ஒன்றில் நாட்டின் வரலாற்று நிகழ்ச்சிகள். மற்றொன்றில் மக்களின் கலைகளும் கைத்தொழில்களும். தமிழ்ப்பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் ஆண்டுதோறும் அவற்றின் முன்னேதான் போய் நிற்கின்றன. பிள்ளைகள் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறார்கள்.

அச்சுவர்களை உருவாக்கியவர் சியோங் லாய்தோங். 1932ஆம் ஆண்டு சீனாவின் குவாங்சோ நகரில் பிறந்தவர். 1938இல், ஆறு வயதுச் சிறுவனாக, மலாயாவுக்கு வந்து சேர்ந்தவர். அந்த ஆண்டின் அக்டோபர் மாதத்தில் ஜப்பானியப் படை குவாங்சோவைக் கைப்பற்றியது. நம்மவர் வரலாற்றிலும் 1938 ஒரு முக்கியமான ஆண்டு என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அரசின் உதவியோடு தோட்டத் தொழிலுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது அந்த ஆண்டு ஜூன் மாதத்தில்தான். ஒரு துறைமுகத்தில் நம்மவரின் வருகை தடைப்பட்ட ஆண்டிலே, வேறொரு துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ஒரு சிறுவன் இந்நாட்டில் இறங்கியிருக்கிறான். பின்னாளில் இந்நாட்டின் முகத்தையே வரையப் போகிறவன் அவன் என்று அன்று யார் அறிவார்?

வந்தேறி என்ற சொல்லின் கனம் இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் பாட்டனார் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் ஏறியவர். 1929இல் தொடங்கிய போ தோட்டத்தைப் போலவே, இம்மலையின் தோட்டங்களெல்லாம் காட்டை வெட்டி, சரிவைத் திருத்தி, கன்று நட்டு உருவானவை. அந்தக் கைகளில் பல நம் முன்னோர் கைகள். பாட்டியார் தம் ஆயுளில் பெரும்பகுதியைக் கொழுந்துக் கூடையோடு கழித்துவிட்டு, சிவப்பு அடையாள அட்டையோடேயே கண்ணை மூடினார். அட்டையின் நிறத்தைப் பற்றி நான் இன்று பேச வரவில்லை. பிறந்த மண் வேறாக இருந்தும், வந்து சேர்ந்த மண்ணைத் தம் கைத்திறத்தால் சொந்தமாக்கிக்கொண்ட ஒருவரைப் பற்றிப் பேசும்போது, பாட்டியாரின் நினைவு வராமல் இருப்பதில்லை. அவ்வளவுதான்.

சியோங் எங்கே ஓவியம் கற்றார்? ஐம்பதுகளில் நம் நாட்டில் ஓவியக் கல்லூரி என்று சொல்லத்தக்கது ஒன்றும் வளர்ந்திருக்கவில்லை. பீட்டர் ஹாரிஸ் என்னும் ஆங்கிலேயர் கல்வித் துறையில் ஓவியக் கல்விக்குப் பொறுப்பேற்று வந்தார். 1952இல் அவர் கோலாலம்பூரில் ஒரு குழுவைத் தொடங்கினார். புதன்கிழமைதோறும் கூடியதால் அதற்குப் புதன்கிழமை ஓவியக் குழு என்றே பெயர். பிறருடைய படத்தைப் பார்த்து நகலெடுக்காதே, நீ கண்டதை வரை, நீ உணர்ந்ததை வரை என்பதே அவருடைய பாடம். சீனர், மலாய்க்காரர், தமிழர் என்ற வேறுபாடு அங்கே இல்லை. பாத்திக் ஓவியத்திலும், சொங்கெட் நெசவு பற்றிய ஆராய்ச்சி நூலாலும் பெயர் பெற்ற கிரேஸ் செல்வநாயகம் அக்குழுவில் இருந்தவர். டேவான் பஹாசா டான் புஸ்தகா கட்டடத்தின் முகப்பு ஓவியத்தை 1962இல் உருவாக்கிய இஸ்மாயில் முஸ்தாமும் அக்குழுவைச் சேர்ந்தவரே. பகலில் பிழைப்பு, மாலையில் ஓவியம் என்று வாழ்ந்தவர்கள் அவர்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. நான் படித்த தொடக்கப் பள்ளியில் ஓவியப் பாடவேளை கால அட்டவணையில் இருந்தது, வகுப்பில் இருந்ததில்லை. தேர்வு நெருங்கினால் அந்த அரைமணி நேரம் கணக்குக்குப் போய்விடும். தேர்வு எப்போதும் நெருங்கிக்கொண்டே இருந்தது! ஆசிரியர்களைக் குறை கூறவில்லை. பெற்றோர் கேட்டது மதிப்பெண். அவர்கள் கொடுத்ததும் மதிப்பெண்.

1960இல் சியோங் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திலுள்ள ஸ்கோஹீகன் ஓவிய, சிற்பப் பள்ளியில் பயின்றார். பின்னர் லண்டனில் அச்சுக்கலை, வரைகலைப் பள்ளியில் சேர்ந்து பயிற்சி பெற்றார். ஒன்று தூய ஓவியத்துக்கான இடம். மற்றொன்று புத்தகம், விளம்பரம், அச்சு ஆகியவற்றுக்கு வரைவோரை உருவாக்கும் இடம். இவ்விரண்டும் ஒரே மனிதரிடம் சேர்ந்ததுதான் அந்தச் சுவரின் வெற்றிக்குக் காரணம் என்பது என் தாழ்மையான கருத்து. அருங்காட்சியகச் சுவரை அருகில் நின்று பார்ப்பவரைவிட, சாலையில் ஓடும் வண்டியிலிருந்து பார்ப்பவரே அதிகம். சில நொடிகளுக்குள் உருவம் விளங்க வேண்டும். கதை பிடிபட வேண்டும். தெளிவான கோடு, தட்டையான நிறம், ஒன்றையொன்று மறைக்காத உருவ வரிசை ஆகியவை அச்சுக்கு வரைபவன் அன்றாடம் பழகும் பாடங்கள். 1962இல் அருங்காட்சியகச் சுவரோவியத்துக்காக நடந்த போட்டியில் சியோங்கின் வரைவு வென்றபோது அவருக்கு வயது முப்பது.

அச்சுவரில் வண்ணப்பூச்சு இல்லை. இத்தாலிய நாட்டுக் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்துச் செய்த மொசைக் வேலை அது. நம் வீடுகளில் மொசைக் தரை பார்த்திருக்கிறோம். அதன் பெரிய தமையன் என்று கொள்ளலாம். இவ்வகை வேலையில் ஓவியர் முதலில் சிறிய அளவில் வண்ணப்படம் வரைவார். அதைச் சுவரின் முழு அளவுக்குப் பெருக்கி, பகுதி பகுதியாகப் பிரித்து எண்ணிடுவார்கள். பொதுவான முறை ஒன்றில், சில்லுகளைத் தாளின் மீது முகம் கீழாக ஒட்டி, அத்தாள்களைச் சுவரின் ஈரச் சாந்தில் அழுத்தி, சாந்து இறுகியபின் தாளை நனைத்து உரித்தெடுப்பார்கள். அப்போதுதான் படம் முகம் காட்டும். இரண்டு சுவரும் சேர்ந்தால் பரப்பு 420 சதுர மீட்டர். ஒரு சில்லு இரண்டு சென்டிமீட்டர்ச் சதுரம் என்று வைத்துக் கணக்கிட்டால் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட சில்லுகள் வருகின்றன. எங்கள் அலுவலகப் புத்தி, எதைக் கண்டாலும் கணக்குப் பார்க்கும். பொறுத்தருள்க.

ஏன் கண்ணாடி? கேமரன் மலையில் வாழும் நமக்கு அதற்கான விடை வீட்டு வாசலிலேயே இருக்கிறது. நம் ஆலய விமானத்துச் சுதைச் சிற்பங்களுக்கு எவ்வளவு நல்ல சாயம் பூசினாலும் சில மழைக்காலங்களுக்குள் மூலைகளில் பாசி படர்கிறது, நீலம் வெளுக்கிறது, மேற்பூச்சு செதிலாக உரிகிறது. மூடுபனியும் ஈரமும் சாயத்துக்குப் பகை. கோலாலம்பூரில் குளிர் இல்லையே தவிர, வெயிலும் மழையும் அதே வேலையைச் செய்யும். கண்ணாடியில் நிறம் மேற்பூச்சாக இல்லாமல் பொருளிலேயே கலந்திருப்பதால், கழுவித் துடைத்தால் பழைய பொலிவு திரும்பிவிடும். அறுபது ஆண்டு கடந்தும் அச்சுவர் நிற்பதற்கு அதுவே காரணம்.

இனி, பெற்றோர்களே, உங்கள் மனத்தில் எழும் கேள்விக்கு வருகிறேன். படம் வரைந்தால் சோறு கிடைக்குமா? நியாயமான கேள்விதான். கொழுந்து எடைபோட்டுக் கூலி வாங்கிய குடும்பத்தில் பிறந்தவனுக்கு அக்கேள்வியைக் கேலி செய்ய உரிமையில்லை. நாட்டின் தலைவாசலை வரைந்த பிறகும் சியோங் ஓவியத்தை மட்டும் நம்பி வாழவில்லை. ரோத்மன்ஸ் சிகரெட் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றினார். சிகரெட்டுக்கு விளம்பரமா என்று இன்று நாம் முகம் சுளிக்கலாம். அறுபது, எழுபதுகளில் ஓவியம் கற்றவனுக்கு மாதச் சம்பளம் கொடுத்த இடங்கள் விளம்பரத் துறையும் பதிப்பகமும்தாம். சம்பளம் அங்கே வந்ததால், சொந்த ஓவியத்தில் எவர் தயவையும் எதிர்பாராமல் தம் வழியே சென்றார். சுவரில் அத்தனை மனித உருவங்களை நிறுத்தியவர், தம் துணித்திரைகளில் உருவங்களையே கைவிட்டு, நிறமும் தூரிகை வீச்சுமாகிய அருவ ஓவியங்களைத் தீட்டினார். வாங்குவோர் விரும்புவதையே வரைய வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

இவர் தனியொருவர் அல்லர். மலேசியர்களின் முகங்களை வரைந்து புகழ்பெற்ற ஹுசேன் எனாஸ் ஜாவாவில் பிறந்தவர். பாத்திக் சாயத்தை ஓவியமாக்கிய பினாங்கின் சுவா தியென் தெங் சீனாவிலிருந்து வந்தவர். நமக்கு இன்னும் நெருக்கமான ஒருவர் இருக்கிறார். இராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில் 1943இல் பிறந்து, சிறுவயதிலே பினாங்குக்கு வந்து, மீண்டும் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியில் பயின்று திரும்பிய சையத் தாஜுதீன். எழுபதுகளில் இராமாயணக் காட்சிகளைத் தீட்டியவர் இந்த இஸ்லாமியத் தமிழ் ஓவியர். இந்நாட்டு ஓவிய வரலாற்றிலிருந்து புலம்பெயர்ந்து வந்தவர்களை நீக்கிவிட்டால் மிஞ்சும் பக்கங்கள் குறைவு.

நம் லயத்துச் சுவர்களுக்கும் ஓவியர்கள் இருந்தார்கள். சிவகாசியில் அச்சான நாட்காட்டிகளைச் சொல்கிறேன். முருகனும் மீனாட்சியும் இலட்சுமியும் நம் வீடுகளுக்கு வந்தது அவற்றின் வழியாகத்தான். ஆண்டு முடிந்தால் தேதித்தாள் போகும். படம் சட்டமேறி, விளக்கின் முன் அமர்ந்துவிடும். அப்படங்களின் கீழ் மூலையில் சிறிய எழுத்தில் ஒரு கையொப்பம் இருக்கும்: சி. கொண்டையராஜு. 1898இல் பிறந்து, சென்னையில் ஓவியம் பயின்று, நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதி, ஊர் ஊராகத் திரிந்து, கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்டவர். 1976இல் மறைந்தார். சாமி படத்தில் மனிதன் பெயர் எதற்கு என்று சிறுவயதில் நான் கேட்டதுண்டு. “வரைஞ்சவன் பேரு வேணாமாடா?” என்றார் என் தந்தையார்.

அக்கேள்வியைத்தான் இன்று நம் நிர்வாகக் குழுவின் முன் வைக்கிறேன். கும்பாபிஷேகம் நெருங்கும்போதெல்லாம் தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதியும் சிற்பிகளும் வண்ணம் தீட்டுவோரும் தற்காலிக அனுமதியில் வருகிறார்கள். நம் குளிருக்குப் பழகாத உடம்போடு, சாரத்தின் மேல் நின்று, விரல் விறைக்க விறைக்கக் கண் திறந்து, உதடு சிவக்க வைத்து, திரும்பிப் போகிறார்கள். உபயகாரர் பெயர் பளிங்கில் பொறிக்கப்படுகிறது. அது தகும். விளக்கு வாங்கிக் கொடுத்தவர் பெயர் விளக்கிலேயே இருக்கிறது. அதுவும் தகும். தெய்வத்தின் முகத்தை எழுதியவர் பெயர் மட்டும் எங்கும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் அடுத்த கும்பாபிஷேகத்துக்கு அவர் வேலையின் மீதே புதுச்சாயம் ஏறிவிடும்; அவர் இருந்த தடமும் போய்விடும். இன்று நம் தேயிலைச் சரிவுகளில் கொழுந்து பறிப்போருள் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். நம் பாட்டன்மார் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். அவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

தலைவர் அவர்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. அடுத்த திருப்பணியின்போது, சாரம் பிரிக்கப்படுவதற்கு முன், வேலை செய்த ஒவ்வொருவரின் பெயரையும் ஊரையும் கேட்டெழுதி, உபயகாரர் பலகைக்கு அருகிலேயே ஒரு பலகையில் பதிக்க வேண்டும். செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். இரண்டாவது, அத்திருப்பணி நடக்கும் வாரங்களில் நம் தமிழ்ப்பள்ளி மாணவர்களை ஒரு முறையாவது அழைத்து வந்து, சுதை பிசைவதையும் சாயம் கலப்பதையும் அவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கும்படி செய்ய வேண்டும். எட்ட நின்று பார்த்தால் போதாது.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். அடுத்த சுற்றுலாவில் பேருந்து அருங்காட்சியகத்தில் நின்றால், பிள்ளைகளை உள்ளே அனுப்புவதற்கு முன் கால்மணி நேரம் வெளியே நிறுத்துங்கள். சுவருக்கு அருகே சென்று சில்லுகளைப் பார்க்கட்டும். பிறகு பின்னோக்கி நடந்து, எத்தனையாவது அடியில் சில்லுகள் மறைந்து மனிதர்கள் தோன்றுகிறார்கள் என்று எண்ணிச் சொல்லட்டும். வரைந்தவர் பெயரைப் பயிற்சி ஏட்டில் எழுதிக்கொள்ளட்டும். சியோங் லாய்தோங்.