கணுவைப் பார்த்து நடுவோம்: மஞ்சள் கரிசாலை பற்றி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



என்னைப் பேசச் சொன்ன தலைப்பு 'வீட்டுத் தோட்டமும் வருமானமும்'. தோட்டம்னா நிறைய இருக்கு. நான் ஒரே ஒரு செடியைப் பற்றி மட்டும் பேசப் போறேன். தரையோட படர்ந்து மஞ்சளாப் பூக்கிற மஞ்சள் கரிசலாங்கண்ணி. நம்ம பக்கம் கரிசாலைன்னு சொல்வோம். சில ஊர்ல கையாந்தகரைன்னு சொல்வாங்க. இதைப் பிடுங்கி நடுறது ரொம்பச் சுலபம். ஆனா எதைப் பிடுங்கி நடுறோம்னு தெரிஞ்சு நடணும். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

கரிசாலையில் ரெண்டு உண்டு. வெள்ளைப் பூ பூக்கிறது ஒண்ணு, மஞ்சள் பூ பூக்கிறது ஒண்ணு. வெள்ளையை எண்ணெய் காய்ச்சப் போடுவோம். அதன் சாற்றில் துணியை நனைச்சுக் காயவெச்சு, திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரிச்சு, அந்தக் கரியில் பிள்ளைக்குக் கண்மை செஞ்ச பாட்டிகள் நம்ம வீடுகள்ல இருந்தாங்க. மஞ்சளைப் பாசிப்பருப்புப் போட்டுக் கடைஞ்சு சாப்பிடுவோம். வடலூர் வள்ளலார் கரிசலாங்கண்ணியை ரொம்ப உயர்வாச் சொல்லியிருக்கார். சித்த வைத்தியத்தில் ரெண்டுக்கும் இடம் இருக்கு. அதனாலதான் இன்னைக்குச் சந்தையில் கீரையாவும் விலை போகுது, பொடியாவும் விலை போகுது. அதனாலதான் ஏமாற்றும் வருது.

போன வருஷம் நம்ம கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவில் நடந்ததைச் சொல்றேன். குழுப் பேர் வேண்டாம், அவங்க சம்மதத்தோடதான் சொல்றேன். ஐந்து பேர் சேர்ந்து, உள்கடன் எடுத்து, ஒரு நாற்றுப்பண்ணையில் மஞ்சள் கரிசாலைன்னு கேட்டு நாற்று வாங்கினாங்க. விற்றவரும் அதேதான்னு சொல்லித்தான் கொடுத்தார். ஒரு உறுப்பினர் வீட்டுப் பின்பக்கம் நட்டாங்க. ரெண்டு மாசத்துல பாத்தி தெரியாம மூடிருச்சு. மஞ்சளாப் பூவும் பூத்துச்சு. அறுத்து நிழல்ல உலர்த்திப் பொடியாக்கி விற்கலாம்னு டப்பா கூட வாங்கி வெச்சாச்சு.

அந்தச் சமயத்துல பக்கத்துத் தெருவில் ஒரு பையனுக்குக் கண்ணு மஞ்சளாயிருச்சு. அவங்கம்மா வந்து, "ஒரு கைப்பிடி தழை கொடுங்கக்கா, அரைச்சுக் கொடுக்கிறேன்"னு கேட்டிருக்காங்க. குழுத் தலைவிக்கு என்னவோ மனசு ஒப்பலை. எனக்குப் போன் பண்ணி, "நீங்க வயக்காட்டுல வளர்ந்தவங்க, ஒருதரம் வந்து பார்த்துச் சொல்லுங்கக்கா"ன்னாங்க. போய்ப் பார்த்தேன். இலை பளபளன்னு தடிப்பா இருந்துச்சு. ஒவ்வொரு இலையும் மூணு பிளவா பிரிஞ்சிருந்துச்சு. நான் சின்ன வயசுல நெல் வரப்பில் பறிச்ச கரிசாலை இது இல்லை.

அது நகரங்கள்ல பூங்காவிலும் சாலை நடுவிலும் அழகுக்கு நடுற செடி. நாற்றுப்பண்ணையில் வெடிலியான்னு கேட்டா கொடுப்பாங்க. சிங்கப்பூர் டெய்சின்னும் ஒரு பேர் உண்டு, ஆனா அதோட சொந்த ஊர் சிங்கப்பூர் இல்லை, நடு அமெரிக்காவும் கரீபியன் தீவுகளும். ரெண்டும் ஒரே இனத்து அக்கா தங்கச்சி மாதிரி. படிச்சவங்க வைக்கிற பேர்ல, நம்ம கரிசாலை ஸ்பாக்னெடிகோலா காலெண்டுலேசியா, அது ஸ்பாக்னெடிகோலா டிரைலோபேட்டா. டிரைலோபேட்டான்னா மூணு பிளவு உள்ளதுன்னு அர்த்தம். பேர்லயே அடையாளம் இருக்குங்க.

அது விஷம்னு சொல்ல நான் வரலை. மருந்துன்னு நம்பி ஒரு குழந்தைக்கு அரைச்சுக் கொடுக்க அது அந்தச் செடியே இல்லை, அவ்வளவுதான். பையனை உடனே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னோம். ரத்தம் பரிசோதிச்சு வைத்தியம் பார்த்தாங்க, பையன் தேறிட்டான். கண்ணு மஞ்சளாகிறதுக்கு எத்தனையோ காரணம் உண்டு. கல்லீரல் கிருமியா, பித்தப்பைக் கல்லா, வேற ஒண்ணான்னு பரிசோதனைதான் சொல்லும். சரியான கரிசாலையே கையில் இருந்தாலும், முதல்ல டாக்டர்கிட்டப் போகணும்.

குழு என்ன பண்ணுச்சு தெரியுமா? ஒரு கிராம் பொடி கூட விற்கலை. "யாருக்குங்க தெரியப் போகுது"ன்னு ஒருத்தர் சொன்னப்போ, தலைவி, "நமக்குத் தெரியுமே"ன்னு ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. உள்கடனை அஞ்சு பேரும் கைக்காசு போட்டு அடைச்சாங்க. அந்தக் காசு அவங்களுக்குப் பெருசு. நான் அவங்களைப் பாராட்டித்தான் இந்த மேடையில் சொல்றேன்.

அந்தச் செடியை அழிக்கிறது இன்னொரு வேலை. உலகத்துல மோசமாப் பரவுற அந்நிய உயிர்கள்னு, இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு அமைப்பு நூறு பேர் கொண்ட ஒரு பட்டியல் வெச்சிருக்கு. அதுல இந்தச் செடியும் ஒண்ணு. ஒரு துண்டுத் தண்டு ஈர மண்ணுல கிடந்தாப் போதும், வேர் விட்டிரும். அதனால மழை பெய்ஞ்சு மண்ணு இளகின மறுநாள், வேரோட பிடுங்கி, ஒடிஞ்ச துண்டெல்லாம் பொறுக்கி, காரை போட்ட களத்துல சருகாகிற வரைக்கும் காயப் போட்டாங்க. வாய்க்காலில் கொட்டலை. கொட்டியிருந்தா அடுத்த ஊர் வயலுக்கு நாமளே அனுப்பி வெச்ச மாதிரி. மூணு மாசம் துளிர்க்கத் துளிர்க்கப் பிடுங்கினாங்க.

நடுற பொருள் சரியில்லேன்னா என்ன ஆகும்னு பழனிக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம்ம பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைச்சுது. அதுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மலையில் விளைஞ்ச விருப்பாச்சிப் பழம். கீழ்மலையில் அந்த வாழையை முடிக்கொத்து நோய் அழிச்சதை நம்ம பெரியவங்க பார்த்திருக்காங்க. அசுவினிப் பூச்சி பரப்பினது பாதி, நோய் வந்த மரத்துக் கன்னையே தெரியாமப் பேர்த்து அடுத்த தோட்டத்துல வெச்சது பாதி. கன்னு, கணு, நாற்று எதுவானாலும், நாம கொண்டு போறது செடியை மட்டும் இல்லை. அதுல இருக்கிற நல்லதும் கெட்டதும் கூடவே போகும்.

இப்போ அடையாளம் சொல்றேன், எழுதிக்கங்க.

நம்ம மஞ்சள் கரிசாலையின் இலை நீளவாக்கில் ஒடுக்கமா இருக்கும். ரெண்டு முனையும் குறுகும். ஓரத்துல ஒண்ணு ரெண்டு பல் இருக்கலாம், பிளவு இருக்காது. தடவினாச் சொரசொரன்னு இருக்கும். வெடிலியா இலை அகலமா, பளபளப்பா, மூணு பிளவா இருக்கும், ஓரம் நல்லாப் பல் பல்லா இருக்கும். பூ ரெண்டுலயும் மஞ்சள்தான், அதனால பூவை மட்டும் வெச்சு முடிவு பண்ணக் கூடாது. இளசா இருக்கிற வெடிலியா இலையில் சிலசமயம் பிளவு சரியாத் தெரியாது. ஒரு இலையைப் பார்க்காதீங்க, பத்தையை முழுசாப் பாருங்க. சந்தேகம் வந்தா சித்த மருத்துவர்கிட்டயோ தோட்டக்கலை அலுவலர்கிட்டயோ காட்டிட்டு அப்புறம் நடுங்க.

தாய்ச்செடியை எங்க எடுக்கிறதுங்கிறதும் முக்கியம். சாக்கடை ஓரத்துலயும், களைக்கொல்லி அடிச்ச வரப்புலயும் எடுக்காதீங்க. அந்தக் குழு பாலசமுத்திரம் பக்கம் ஒரு வயல் வரப்புல இருந்து, நிலத்துக்காரப் பாட்டிகிட்டக் கேட்டு எடுத்தாங்க. "கொண்டு போ அம்மிணி, அறுக்க அறுக்கத்தான் வளரும்"னு அந்தப் பாட்டி ஒரு காசு வாங்கலை.

நடுற முறை இதுதான். நம்ம சமவெளிக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் கூடுதல். ஒரு மழை பெய்ஞ்ச பிறகு, புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ, சாயங்காலம் நடுறது நல்லது. சித்திரை, வைகாசியில் நட்டா தண்ணி ஊத்தியே ஓய்ஞ்சிருவோம்.

எடுக்கிறதுக்கு முதல் நாள் தாய்ச்செடிக்குத் தண்ணி விடுங்க. தரையோட ஓடுற கொடியில் கணுவுக்குக் கணு வெள்ளையா வேர் இறங்கியிருக்கும். அப்படி வேர் பிடிச்ச கொடியா, மூணு நாலு கணு இருக்கிற மாதிரி, கொஞ்சம் மண்ணோட வெட்டி எடுங்க. இழுத்துப் பிடுங்கினா வேர் அறுந்திரும். எடுத்ததை ஈரச் சாக்கில் சுத்தி நிழல்ல வைங்க. பாலித்தீன் பையில் கட்டி வெயில்ல வெச்சா அவிஞ்சு போகும்.

பாத்தி அரை நிழலான இடத்துல இருக்கட்டும். முருங்கை மரத்தடி, தென்னை மரத்தடி நல்லது. நம்ம செம்மண்ணு சீக்கிரம் காயும், அதனால நல்லா மக்கின சாணி எருவைக் கலந்து கொத்தி விடுங்க. கொடியைப் படுக்க வெச்சு, ரெண்டு கணுவை ரெண்டு விரல் கனத்துக்கு மண்ணால மூடுங்க. இலையும் நுனியும் வெளியே இருக்கட்டும். கணு மண்ணைத் தொடணும், அங்கேதான் வேர் வரும். கணு இல்லாத தண்டை எத்தனை ஆழம் புதைச்சாலும் அழுகத்தான் செய்யும். ஒரு சாண் இடைவெளி விட்டு நட்டு, உள்ளங்கையால் அமுக்கி விடுங்க. மொட்டும் பூவும் இருந்தாக் கிள்ளி எறிங்க, செடியோட தெம்பு வேருக்குப் போகட்டும்.

பத்து நாளைக்குக் காலையிலும் சாயங்காலமும் பூவாளியில் தண்ணி. வெயில் அடிச்சா மேலே தென்னங்கீற்று. அரிசி, பருப்புக் கழுவின தண்ணி தாராளமா ஊத்தலாம். சோப்புத் தண்ணி கீரைக்கு வேண்டாம். முதல் ரெண்டு மூணு நாள் வாடும், பயப்படாதீங்க. ரெண்டு வாரம் கழிச்சு நுனியை லேசா இழுத்துப் பாருங்க. பிடிமானம் தெரிஞ்சா வேர் விட்டிருச்சு. பாத்தி நிறைஞ்சதும், வேர்க் கணுவை விட்டுட்டு மேலே மட்டும் அறுங்க. திரும்பத் திரும்பத் துளிர்க்கும். இதுவும் ஓடுற செடிதான், பாத்தியை விட்டு வெளியே வந்தா நறுக்கி விடுங்க. இடம் இல்லாதவங்க அகலமான மண் தொட்டியிலும் வைக்கலாம். வல்லாரை, பொடுதலைக்கும் இதே முறைதான்.

விற்கிறதைப் பற்றி ஒரு வார்த்தை. கீரையாக் கட்டு கட்டி வித்தா ஒரு சிக்கலும் இல்லை. பொடியாக்கி உணவுப் பொருளா விற்கணும்னா உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேணும். 'காமாலை தீரும்'னு லேபிள் ஒட்டி விற்கக் கூடாது. மருந்து செஞ்சு விற்க அதுக்குத் தனி உரிமம் வேணும். நம்ம மாவட்டத்துலயே காந்திகிராமத்துல லட்சுமி சேவா சங்கம் சித்த, ஆயுர்வேத மருந்து செய்யறாங்க. மருந்துன்னா அப்படி முறையாச் செய்யணும். நாம கீரைக்காரங்களா நேர்மையா இருந்தாப் போதும்.

என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒரு உறுப்பினர் வீட்டுல, அடையாளம் சரிபார்த்த ஒரு தாய்ப்பாத்தி வைப்போம். அதுல இருந்து குழுவுக்குப் பத்துக் கொடி இலவசமாக் கொடுப்போம். யார்கிட்ட இருந்து வாங்கினோம், யாருக்குக் கொடுத்தோம்னு தீர்மான நோட்டுல ஒரு வரி எழுதுவோம். கடனுக்கு எழுதுற நமக்குச் செடிக்கு எழுதறது பெரிய வேலையா? நாளைக்கு ஒரு இடத்துல தப்பான செடி வந்தா, அது எங்கிருந்து வந்துச்சுன்னு ஒரே நாள்ல கண்டுபிடிச்சிரலாம்.

வாசல் பக்கத்து மேஜையில் ரெண்டு மண் சட்டி வெச்சிருக்கேன். வெள்ளைத் துணி கட்டினது நம்ம கரிசாலை. சிவப்புத் துணி கட்டினது வெடிலியா. போகும்போது ரெண்டு இலையையும் தொட்டுப் பாருங்க, பிள்ளைகளுக்கும் காட்டுங்க. ஈரச் சாக்கில் சுத்தி வெச்சிருக்கிற கொடிகள் குழுவுக்குப் பத்து. தலைவிகள் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கங்க. சிவப்புச் சட்டியில் மட்டும் யாரும் கிள்ளிட்டுப் போகாதீங்க, அதை நானே திருப்பி எடுத்துட்டுப் போய்க் காயப் போட்டிருவேன்.