மாதம் ஒருமுறை கூடினால்



சென்னையில் லினக்ஸ் கணினி இயங்குதளப் பயனர் குழு ஒன்று 1998இல் தொடங்கியது. மாதம் ஒருமுறை, இரண்டாவது சனிக்கிழமை பின்னேரம், ஐ.ஐ.டி. வளாகத்தில் கூடுவது அதன் நீண்டகால வழக்கமாக இருந்தது. கட்டணம் இல்லை. தெரிந்தவர் சொல்லிக்கொடுப்பார், தெரியாதவர் கேட்பார்.

அமெரிக்காவில் 1975 மார்ச்சில், ஒரு வீட்டுக் கராஜில் இப்படித்தான் சிலர் ஒரு கணினிக் கழகமாகக் கூடினார்கள். அவர்களுள் ஒருவரான ஸ்டீவ் வொஸ்னியாக், தாம் செய்த ஆப்பிள் கணினியைப் பிறகு அந்தக் கழகத்தாருக்குக் காட்டினார்.

இப்படியொரு கூடல் இங்கும் உதவும்; நம் ஊரான சண்டிலிப்பாய்க்கு வருவோம். பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் தட்டிய கடிதம், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளாய்ச் சிதறித் தெரியும். யூனிகோட்டுக்கு மாற்றினால் சரி. தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் சில நிமிட வேலை.

சனசமூக நிலையத்தில் ஒரு மேசை, மாதம் ஒரு பின்னேரம். இந்த மாதமே தொடங்கலாம்.