நீர்மூழ்கும் தொழிலும் நம் இளைஞரும்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



பீங்கான் நகரமாம் விருத்தாசலத்தில் கடலடித் தொழிலைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். கடலூர்க் கடற்கரையே நமக்கு ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தொலைவு. ஆயினும் ஆழத்தில் இறங்குவது நமக்குப் புதிதன்று. கிணற்றில் தூர் எடுக்கவும், நீரில் மூழ்கியவரின் உடலைத் தேடவும், கழிவுநீர்க் குழியில் அடைப்பு நீக்கவும் ஊரார் நம் தெருவுக்கே ஆள் அனுப்பினர். தந்த கூலி சொற்பம். தந்த மரியாதை அதனினும் சொற்பம். அதே ஆழத்தில் இறங்குவது வேறோர் இடத்தில் நல்ல ஊதியமுள்ள தொழிலாக மதிக்கப்படுகிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

தமிழ்நாட்டில் முக்குளிப்பு பழந்தொழில். மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் எடுத்த குளியாட்கள் கல்லின் பாரத்தால் இறங்கி, ஒரே மூச்சில் ஏறத்தாழ ஒரு நிமிடம் உழைத்து மேலே வந்தனர். தூத்துக்குடியின் பெரிய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றது. 1974-ல் பம்பாய்க்கு மேற்கே கடலடியில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டு, 1976-ல் உற்பத்தி தொடங்கியபின் புதுவகை முக்குளிப்பவர் தேவைப்பட்டனர். கடலடிக் குழாய்களைச் சோதிப்பது, மேடைக் கால்களைப் பற்றவைப்பது, கப்பலின் அடிப்பகுதியைப் பார்ப்பது, பாலத் தூணையும் அணை மதகையும் பழுதுபார்ப்பது ஆகியவை இவர்கள் வேலை. நீந்தத் தெரிந்தால் மட்டும் போதாது. நீருக்கடியில் நின்று ஒரு கைத்தொழில் செய்யத் தெரிய வேண்டும்.

இத்தொழிலின் பகை அழுத்தம். பத்து மீட்டர் ஆழத்திலேயே உடல்மீது அழுத்தம் இருமடங்காகிறது. சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்தில் கரைகிறது. விரைந்து மேலே வந்தால், கோலி சோடாவைத் திறந்ததும் பொங்குவது போல அது குமிழிகளாகி மூட்டையும் மூளையையும் தாக்கும். சூளையின் சூடு தணியுமுன் வெளியே எடுத்த பீங்கான் விரிசல் விடும் என்பது இவ்வூரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதன்று. மனித உடலும் அப்படித்தான், படிப்படியாகவே மேலே வரவேண்டும். எத்தனை ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தவர் எங்கெங்கே நின்று வரவேண்டும் என்பதற்கு ஹால்டேன் என்னும் அறிஞர் 1908-ல் அட்டவணை வகுத்தார். ஏறத்தாழ ஐம்பது மீட்டருக்குக் கீழே சாதாரணக் காற்று உதவாது. ஹீலியம் கலந்த காற்று வேண்டும். மிக ஆழத்தில் உழைப்போர் கப்பலிலுள்ள அழுத்த அறையிலேயே வாரக்கணக்கில் வாழ்கின்றனர். 1983 நவம்பரில் நார்வே கடற்பகுதியில், பைஃபோர்ட் டால்ஃபின் என்ற எண்ணெய் மேடையில், அத்தகைய அறையின் அழுத்தம் திடீரென வெளியேற ஐவர் மாண்டனர். அபாயமற்ற தொழில் என்று யாரும் உங்களை ஏய்க்க வேண்டாம்.

எனினும் அங்குள்ள முறையைப் பாருங்கள். லண்டனிலுள்ள பன்னாட்டுக் கடல்சார் ஒப்பந்தக்காரர் சங்கத்தின் விதிப்படி, கப்பலிலிருந்து காற்று ஊட்டப்படும் முக்குளிப்புக்குக் குழு ஐவருக்குக் குறையலாகாது. ஒருவர் இறங்க, நால்வர் மேலே. அவர்களுள் ஒருவர், இறங்கியவருக்கு இடர் நேர்ந்தால் உடனே குதிப்பதற்காகக் கவசம் பூண்டு காத்திருப்பவர். காற்றும் பேச்சும் செல்லும் குழாய்க் கற்றையைத் தொப்புள்கொடி என்றே அழைக்கின்றனர்.

கழிவுநீர்க் குழியில் நம்மவருக்கு அந்தத் தொப்புள்கொடி ஏது? நச்சுவாயு மிகுந்தால் மூக்கு அதன் நாற்றத்தையே உணராது. ஒருவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கிய உடன்பிறந்தவரும் வெறுங்கையோடு இறங்கி மடிகிறார். துணிவில் நம்மவர் யாருக்கும் குறைந்தவரல்லர். மேலே காத்திருக்க ஒருவரை நிறுத்தும் செலவைச் செய்ய எவரும் முன்வரவில்லை, அவ்வளவே. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றி இறக்குவதைக் குற்றமாக்கிற்று. மாண்டவர் குடும்பத்துக்கு உச்ச நீதிமன்றம் 2014-ல் பத்து லட்சமும், 2023-ல் முப்பது லட்சமும் இழப்பீடாக விதித்தது. பணம் கிடைக்கிறது, ஆள் திரும்புவதில்லை. ஆகவே கடலுக்குப் போகாத இளைஞரும் இந்த ஐவர் கணக்கை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அதில் ஒருவர் குறைந்தாலும் எந்தக் குழியிலும் இறங்க மறுக்க வேண்டும்.

கடலுக்குப் போக விரும்புவோருக்குச் சில சொற்கள். முதலில் தொழிற்பயிற்சி நிலையத்தில் பற்றவைப்போ பொருத்துநர் வேலையோ கற்றுக்கொள்ளுங்கள். முக்குளிப்பில் வேலை குறைந்தாலும் அது சோறு போடும். பயிற்சிக் கட்டணம் செலுத்துமுன் மருத்துவரிடம் காதையும் நுரையீரலையும் காட்டுங்கள். ஆஸ்துமாவோ வலிப்போ உள்ளவருக்குப் பெரும்பாலும் இத்தொழில் இல்லை. உல்லாசப் பயணிகளுக்கான முக்குளிப்புச் சான்றிதழ் இங்கே செல்லாது. தரப்படும் சான்றிதழ் முன்சொன்ன பன்னாட்டுச் சங்கம் ஏற்ற பட்டியலில் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கட்டாதீர்கள். கடற்படையில் சேர்ந்து கொச்சியிலுள்ள அதன் முக்குளிப்புப் பள்ளியில் பயில்வது மற்றொரு வழி. அங்கே கட்டணம் இல்லை. கடனுதவிக்கும் திறன் பயிற்சிக்கும் 1974 முதல் இயங்கும் தாட்கோவை அணுகலாம். மேலைக் கடலில் தென்மேற்குப் பருவக்காற்றின்போது வேலை குறையும் என்பதையும், பலருக்கு நாட்கணக்கில்தான் ஊதியம் என்பதையும் வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள்.