ஞாயிற்றுக்கிழமையும் புத்தகமும்

(தூத்துக்குடியில் மில் தொழிலாளர்களும் உப்பளத் தொழிலாளர்களும் சேர்ந்து தொடங்கியுள்ள வாசகசாலையின் திறப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டத்துக்கு வருகிற வழியில் டீக்கடையில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார். நாற்பது வருஷம் அளத்தில் உப்பு வாரியவர். "ஏதோ வாசகசாலை தொறக்கியளாம்லா தம்பி? புத்தகம் படிச்சா ஆயுசு கூடுமா?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். கடையிலிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு கூடவே இந்த மேடை வரை வந்துவிட்டது. கேலியானாலும் நியாயமான கேள்வி. ஆகவே அதற்கே பதில் சொல்லிப் பார்க்கிறேன்.

ஆயுள் கூடும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஐம்பது வயது தாண்டிய 3,635 பேருடைய விவரங்களைப் பன்னிரண்டு வருஷ காலத்துக்கு எடுத்துப் பார்த்தார்கள். புத்தகம் படிக்கிறவர்கள் படிக்காதவர்களைவிட ஏறத்தாழ 23 மாதம் கூடுதலாக உயிரோடிருந்தார்களாம். பணம், படிப்பு, நோய்நொடி ஆகியவற்றால் வரும் வித்தியாசத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். வாரத்துக்கு மூன்றரை மணி நேரத்துக்கு மேல் படித்தவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். பத்திரிகை படிப்பதைவிடப் புத்தகம் படிப்பதுதான் நல்லதாம். நம் பத்திரிகையை விற்கிற தோழர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது!

சரி, 23 மாதம். வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆனால் நான் கேட்பது வேறு. வாரத்துக்கு மூன்றரை மணி நேரம் நமக்கு எங்கிருந்து வந்தது? அதை யார் கொடுத்தார்கள்?

இதே ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். 1908-ம் வருஷம் கோரல் மில்லில் ஆணும் பெண்ணும் சிறுவர்களுமாக உழைத்தார்கள். வளர்ந்த ஆணை இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று நாட்டில் சட்டமே கிடையாது. பஞ்சாலையில் ஆண்களுக்குப் பன்னிரண்டு மணி என்கிற வரம்பே 1911-ல்தான் வந்தது. 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள். கூலியை உயர்த்து, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடு என்று கேட்டார்கள். ஊர் ஜனங்கள் தங்களால் ஆனதைக் கொடுத்து அவர்களைக் காப்பாற்றினார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை தொழிலாளிக்குக் கிடைத்தது.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். வருஷத்துக்கு 52 ஞாயிறு. ஒருவர் முப்பது வருஷம் மில்லில் வேலை செய்தால் 1,560 நாள். நாலு வருஷமும் மூன்று மாதமும் ஆகிறது! புத்தகம் கொடுப்பது 23 மாதம் என்றால், ஒன்பது நாள் ஒற்றுமையாக நின்றது கொடுப்பது நாலேகால் வருஷம். இந்த நாலேகால் வருஷம் கிழவனான பிறகு வருகிற காலமல்ல. கை கால் திடமாயிருக்கும்போது, குழந்தைகள் சின்னதாயிருக்கும்போது கையில் கிடைக்கிற காலம். பெரியவர் கேட்ட கேள்விக்கு என் முதல் பதில் இதுதான்.

இதற்கு வ.உ.சி. கொடுத்த விலை என்ன தெரியுமா? மார்ச் 12 அன்று கைது செய்தார்கள். செய்தி பரவியதும் கோரல் மில்லில் மறுபடியும் இயந்திரங்கள் நின்றன. ஜூலையில் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்கள். அப்பீலில் குறைந்து, 1912 டிசம்பரில் வெளியே வந்தார். நாலே முக்கால் வருஷம் உள்ளே இருந்தார். தொழிலாளி ஒவ்வொருவனுக்கும் கிடைத்த காலமும் அவர் இழந்த காலமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருப்பதைப் பார்த்தீர்களா?

இப்போது புத்தகத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஒரு வாலிபத் தோழர் என்னிடம் ஒரு புத்தகத்தைக் காட்டினார். பஸ் நிலையத்தில் வாங்கியது. பளபளக்கும் அட்டை. நீ ஏழையாயிருப்பதற்கு உன் எண்ணமே காரணம், எண்ணத்தை மாற்று, பணம் வரும் என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறது. அந்தத் தோழர் கந்துவட்டிக்குக் கடன் வாங்கியவர். தங்கை கல்யாணத்துக்கு வாங்கினார். "நான்தான் சரியா நெனைக்கல்ல போலிருக்கு அண்ணாச்சி" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. வட்டிக்காரன் பணத்தைப் பறித்தான், புத்தகம் அவருடைய தன்மானத்தையும் சேர்த்துப் பறித்துக்கொண்டது!

ஆனால் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. வ.உ.சி.யும் இந்த வகையில் ஒரு புத்தகத்தைத்தான் சிறையிலிருந்தபோது தமிழாக்கினார். 'மனம் போல வாழ்வு' என்ற பெயரில் 1909-ல் வெளிவந்தது. மூலம் ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் 1903-ல் எழுதியது. இந்த ஆலன் பிரபு வம்சத்தவரல்ல. பிழைப்புத் தேடி அமெரிக்கா போன தகப்பனார் போன இடத்தில் கொலையுண்டார். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஆலன் வேலைக்குப் போனார். நம்மைப் போன்றவர்தான். 47 வயதில் இறந்துபோனார்.

வ.உ.சி.யை நான் தலைக்குமேல் வைத்துக் கொண்டாடுகிறவன். ஆனாலும் அந்தப் புத்தகத்தோடு எனக்குச் சண்டை உண்டு. மனம் போல வாழ்வு அமையும் என்றால், வ.உ.சி.யின் வாழ்வு எப்படி அமைந்திருக்க வேண்டும்? வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியை எதிர்த்து இந்தத் துறையிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்ட மனம் அது. அந்த மனத்துக்கு என்ன குறை? வெளியே வந்தபோது வக்கீல் சன்னதைப் பறித்திருந்தார்கள். சென்னையில் கடை வைத்துப் பார்த்தார். 1936 நவம்பர் 18 அன்று இதே தூத்துக்குடியில் கண்ணை மூடியபோது கடைக்காரர்களுக்குக் கடன் பாக்கியிருந்தது. மனம் கோணியதால் வந்த வறுமையா அது? ஏகாதிபத்தியம் வேண்டுமென்றே ஒரு மனிதனை முறித்துப் போட்ட வறுமை!

அப்படியானால் அந்தப் புத்தகத்தால் அவருக்குப் பிரயோசனமே இல்லையா? இருந்தது. செக்கிழுக்க வைத்தார்கள். வழக்கறிஞரான மனிதரைச் சாதாரணக் குற்றவாளியைப் போல் நடத்தினார்கள். அந்த இடத்தில் மனம் உடைந்து போகாமலிருக்க ஒரு பிடிமானம் வேண்டியிருந்தது. புத்தகம் அதைக் கொடுத்தது. ஆனால் 1908 பிப்ரவரியில் கோரல் மில் வாசலில் நின்றபோது, எண்ணத்தைச் சரி செய்யுங்கள், கூலி தானே உயரும் என்று அவர் சொன்னாரா? சொல்லவில்லை. வேலையை நிறுத்துங்கள் என்றார். தனி மனிதன் துன்பத்தைத் தாங்குவதற்கு ஒரு புத்தகம் உதவலாம். துன்பம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள வேறு புத்தகம் வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் அந்த வாலிபத் தோழரைப் போலத் தன்னையே நொந்துகொண்டு உட்கார வேண்டியதுதான்.

அந்தத் தோழரிடம் புத்தகத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் ஒரு கேள்வி எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். பதினோரு கேள்வி எழுதியிருந்தார். "வட்டிக்காரர் என்ன நினைத்ததால் பணக்காரர் ஆனார்?" என்பது அதில் ஒன்று. இனி அவரைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

கண்ணனூர்ச் சிறையில் உடனிருந்த கைதிகள் வ.உ.சி.யிடம் வந்து நீதிநூல் கருத்துகளைக் கேட்பார்களாம். அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த வழியில்தான் 'மெய்யறிவு' என்ற நூல் பிறந்தது. திருடனும் கொலைகாரனும் உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஒரு பாடசாலை! வெளியே வந்த பிறகும், கையில் காசில்லாத காலத்திலும், தொல்காப்பியத்தின் பழைய உரையைப் பதிப்பித்தார். திருக்குறள் அறத்துப்பாலுக்குத் தாமே உரை எழுதி 1935-ல் வெளியிட்டார். மறு வருஷம் போய்விட்டார். 64 வயதுதான். அதற்குள் எத்தனை ஆயுள் வாழ்ந்திருக்கிறார் என்று நினைத்துப் பாருங்கள்.

"அவர் வக்கீல். நாம் கூலிக்காரர்கள். நமக்கும் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. சம்பந்தம் இருக்கிறது. தமிழெழுத்தில் அச்சாகி இன்று கிடைக்கிற மிகப் பழைய புத்தகம் 'தம்பிரான் வணக்கம்'. 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சானது. இந்திய மொழி எழுத்துகளிலேயே அதற்கு முந்தின அச்சுப் புத்தகம் நம் கையில் இல்லை. பதினாறே பக்கம். புன்னைக்காயலில் இருந்த ஹென்றிக்கஸ் பாதிரியார் தமிழில் எழுதியது. அந்த அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் யார்? இந்த முத்துக்குளித்துறையின் பரதவ மக்கள்! காலடியில் கல்லை வைத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கி, ஒரு நிமிஷம் மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கினார்களே, அவர்கள். அது மத நூல். அதைப் பற்றிப் பேச நான் வரவில்லை. முத்து ராஜாக்களின் கழுத்துக்குப் போயிற்று. குளித்தவன் வீட்டுக் காசு தமிழின் முதல் அச்சுக்குப் போயிற்று. புத்தகம் நமக்குச் சம்பந்தமில்லாத சரக்கு என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

இன்னொன்று. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதலாவது. வீட்டு வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. குடிசைக்கு வாடகை கொடுக்கிறவனும் அந்த வாடகைக்குள் நூலக வரியைக் கொடுத்துவிடுகிறான். ஆகவே சர்க்கார் நூலகத்துக்குள் நுழையும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூனிக் குறுகி நுழையாதீர்கள். அது நம்முடைய காசு. அதற்கும் முன்னால், 1931-லேயே மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். வயற்காட்டு ஜனங்கள் நூலகத்துக்கு வர முடியாவிட்டால் நூலகம் அவர்களிடம் போகட்டும் என்று நினைத்தார்கள். அந்த யோசனையை நாமும் எடுத்துக்கொள்ளலாம். நம்மிடம் மாடு இல்லை. ஒரு தோழரிடம் மீன் ஏற்றுகிற மூன்று சக்கர வண்டி இருக்கிறது. கழுவித் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்.

எழுத்துத் தெரியாதவர்களுக்கு என்ன வழி? சில வருஷங்களுக்கு முன் தாமிரவருணிக் கரையில் ஒரு கிராமத்தில் விவசாயத் தொழிலாளர்களிடையே வேலை செய்தேன். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கார்க்கியின் 'தாய்' நாவலை வாசிப்பேன். நம் திருநெல்வேலிக்காரரான தொ. மு. சி. ரகுநாதன் மொழிபெயர்த்தது. "நீங்க வாசிங்க, நாங்க கேக்கோம்" என்று பதினைந்து இருபது பேர் உட்காருவார்கள். பாதி பேர் நடுவில் தூங்கிவிடுவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பகலெல்லாம் நாற்று நட்டவர்கள். அதில் ஒரு அக்கா மட்டும் தூங்க மாட்டார். ஒருநாள், "அந்தத் தாய்க்கு எழுத்துத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாமல்தான் இருந்தது, நாற்பது வயதில் கற்றுக்கொண்டாள் என்றேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பேரனுடைய சிலேட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஏழெட்டு மாதம் ஆயிற்று. அவர் முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படித்தது கார்க்கியை அல்ல. கூலி நோட்டில் தன் பெயரைப் படித்தார். பெயருக்கு நேரே போட்டிருந்த கோடுகளை எண்ணினார். அந்த மாதம் ஆறு நாள் விடுபட்டிருந்தது. அவருக்கு மட்டுமல்ல, பதினாலு பெண்களுக்கும் அப்படித்தான். எத்தனை வருஷமாக அப்படியோ! அந்த நோட்டுக்குச் சொந்தக்காரர் பெயர் இங்கே வேண்டாம். அடுத்த வாரம் பாக்கி கைக்கு வந்தது. அந்த அக்காவுக்குத் திரும்பக் கிடைத்தது வெறும் கூலியா? வெயிலில் குனிந்து நின்ற ஆறு நாள். உழைத்தும் கணக்கில் இல்லாமல் போயிருந்த ஆறு நாள் ஆயுள்.

1901-க்கும் 1911-க்கும் இடையில் இந்தியாவில் பிறந்தவர்களின் சராசரி ஆயுள் 23 வயதளவே. இன்று எழுபதை எட்டியிருக்கிறது. அம்மை குத்தியது, தண்ணீர் வந்தது, ஆஸ்பத்திரி வந்தது. தாய்க்கு எழுத்துத் தெரிந்த வீட்டில் குழந்தைச் சாவு குறைவு என்பதும் பல நாடுகளில் கண்ட உண்மை. மருந்துப் புட்டியில் எத்தனை வேளை என்று போட்டிருப்பதைப் படிக்கத் தெரிய வேண்டும் அல்லவா? ஆகையால் வாசகசாலைக்கு ஆண்கள் மட்டும் வந்துவிட்டு, சோறு பொங்கப் பெண்களை வீட்டில் விட்டுவிட்டு வரக் கூடாது. இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். போன முறை வேறொரு ஊரில் அப்படித்தான் நடந்தது. மூன்று மாதத்தில் அது சீட்டாடுகிற இடமாகிவிட்டது.

ஏற்பாட்டைச் சொல்லி முடிக்கிறேன். ஞாயிறு சாயந்திரம் நாலு மணிக்கு வாசிப்பு. ஞாயிறு ஓய்வில்லாதவர்களுக்காகச் செவ்வாய் ராத்திரி எட்டு மணிக்கு அதே பகுதியை மறுபடி வாசிப்போம். அளத்துக்கு விடியுமுன்னே போகிறவர்கள் இருப்பதால் ஒன்பதுக்குமேல் இழுக்கக் கூடாது. முதல் புத்தகம் வ.உ.சி.யின் 'சுயசரிதை'. செய்யுளில் எழுதியிருக்கிறார், கொஞ்சம் கடினம். ஒருவர் வாசிக்க, ஒருவர் பேச்சுத் தமிழில் சொல்ல வேண்டும். வாசிக்க மில் தோழர் ஒருவர் பெயர் கொடுத்திருக்கிறார். சொல்வதற்கு இன்னும் ஆள் தேவை. கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் பெயர் கொடுங்கள்.

டீக்கடைப் பெரியவரையும் கூப்பிட்டிருக்கிறேன். வருவதாகச் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வந்தால் முன்வரிசையில் இடம் விடுங்கள். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.