கூடையில் ஒரு கைப்பிடி
(தேங்காய்த்திட்டில் நடைபெற்ற தாய்மார் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



இவ்வூர் மீன்பிடித் துறைமுகத்தில் மீன் கூடை கூடையாக இறங்குகிறது. நல்ல விலைக்குப் போகும் மீனை விற்பது முறையே. குடும்பம் நடக்க வேண்டுமல்லவா? ஆயினும், பால்குடி மறந்த குழந்தையின் வட்டிலில் வெறுங்கஞ்சி மட்டும் இருப்பது முறையாகாது.

அரிசி உழைக்கும் சக்தியைத் தரும். தசையையும் குருதியையும் வளர்ப்பதற்குப் புரதம் இன்றியமையாதது. இன்று கானா எனப்படும் நாட்டில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார், கால் வீங்கி, முடி செம்பட்டையாகி வாடிய குழந்தைகளைப் பற்றி 1930-களில் எழுதினார். அந்நோயை அவ்வூரார் 'குவாஷியோர்கர்' என்றனர். அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்ததற்கு வரும் நோய் என்பது அதன் பொருள். தாய்ப்பால் நின்று, மாவுக்கஞ்சியே உணவானதன் விளைவு என அம்மையார் கருதினார்.

இரண்டு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 கிராம் புரதம் வேண்டும். மத்தி மீனின் சதை 30 கிராமில் சுமார் 6 கிராம் உண்டு; ஒரு கோழிமுட்டையிலும் ஏறக்குறைய அவ்வளவே. மீன் கிட்டாத நாளில் சோற்றுடன் பருப்பைக் குழைத்துக் கொடுங்கள். அரிசிப் புரதத்தில் உள்ள குறையைப் பருப்பு நிறைவு செய்யும்.

ஆகவே, கூடை ஏலத்துக்குப் போகுமுன் ஒரு கைப்பிடி மீனை வீட்டுக்கென எடுத்து வையுங்கள். முள் நீக்கி, காரமின்றி வேகவைத்து, குழந்தைக்கும் கருவுற்ற தாய்க்கும் முதலில் அளியுங்கள். விற்ற மீன் பணமாகும். உண்ட மீன் உடலாகும்.