காணாததைக் கணிப்பது
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



டொக்டர் பேசுகிறார் என்றதும் சீனி வியாதியை எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச வந்தது தங்கத்தைப் பற்றி. கழுத்தில் போடுவதல்ல, தங்க அணுவின் கரு.

அதில் 79 புரோத்தன்களும் 118 நியூத்திரன்களும் உண்டு. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் 2000ஆம் ஆண்டு முதல் இத்தகைய கருக்களை ஒளியின் வேகத்துக்குக் கிட்ட ஓடவிட்டு மோதவைத்தார்கள். ஜெனீவாவின் செர்ன் நிலையத்தில் 2010 முதல் ஈயக் கருக்களை மோதவைத்தார்கள். இரண்டு இடங்களிலும் கொல்கத்தா விஞ்ஞானிகள் பங்கெடுத்துச் செய்த உணர்கருவி வேலை செய்தது.

மோதலின் நடுவை யாரும் பார்க்க முடியாது. கண் இமைக்கும் நேரத்தைக் கோடி கோடியாகப் பிரித்தாலும் அதிலும் சிறிய நேரத்தில் முடிந்துவிடும். சிதறி வரும் ஆயிரக்கணக்கான துணிக்கைகளே மிச்சம். ஆகவே கணினியில் இலட்சக்கணக்கான தடவை மோதவைத்துப் பார்க்கிறார்கள். நேருக்கு நேர் மோதினால் துணிக்கைகள் அதிகம். ஓரமாக உரசினால் குறைவு. கணக்கையும் கண்டதையும் ஒப்பிட்டு, உள்ளே நடந்ததை ஊகிக்கிறார்கள். வார்ட்டில் நாங்கள் காய்ச்சலுக்குக் காரணம் தேடுவதும் இப்படித்தான்.

அந்தச் சூட்டில் வாயு போன்ற ஒன்று உண்டாகும் என்றே பலர் எண்ணியிருந்தார்கள். ஆனால் ஓரமாக மோதியபோது துணிக்கைகள் எல்லாப் பக்கமும் சமமாகப் பறக்கவில்லை. ஒரு திசையில் கூடுதலாக வந்தன. வாயுவென்று போட்ட கணக்கு பொருந்தவில்லை. திரவமென்று போட்ட கணக்கு பொருந்தியது. 2005இல் அறிவித்தார்கள்: குவார்க்குகளும் குளுவோன்களும் சேர்ந்த திரவம், உராய்வே இல்லாததுபோல ஓடுகிறது. நம்மூர்க் கித்துள் பாணிக்கு நேர் எதிர். பிரபஞ்சம் பிறந்த முதல் கணத்தில் எல்லாமே இப்படித்தான் இருந்ததாம். பழைய எண்ணத்தைக் கைவிடத் தயாராக இருந்ததால்தான் இதைக் கண்டார்கள்.

என் வகுப்பில் கணக்கில் என்னை முந்தியவள் ஒருத்தி. சாதாரண தரம் முடிந்ததும், தமிழில் பௌதிகவியல் படிக்க நான் வேறு ஊரில் போர்டிங்குக்குப் போனேன். அவள் வீட்டில் அதற்குப் பணமில்லை. ரப்பர் பால் வெட்டப் போனாள். வைத்தியராக வெளியே வந்த என்னை மட்டும் பார்த்து, லயத்துப் பிள்ளைகளில் கெட்டிக்காரி நான்தான் என்று நீங்கள் கணித்தால், அந்தக் கணக்குப் பிழை.

அவள் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறாள். மகள் தரம் 9இல் படிக்கிறாள். நூற்றாண்டு நிதியின் முதல் பங்கு, உயர்தர விஞ்ஞானம் படிக்கப்போகும் நம் பிள்ளைகளின் போர்டிங் செலவுக்கு ஒதுக்கப்படட்டும். என் பங்கை இன்றே தருகிறேன்.